காலுக்கு வராத பந்து

சுவக்கீனைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று செம்பாறை தேயிலை எஸ்டேட்டில் ஒரு வாரமாகப் பேச்சு ஓயவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதே பேச்சு, ரேஷன் கடை வரிசையிலும் அதே பேச்சு. சித்திரபுரம் கிரவுண்டில் கால்பந்து ஷீல்டு ஃபைனல் வருகிறது. டீமில் லெப்ட் அவுட் ஆடியவன் கல்யாணம் முடித்துப் போடிப் பக்கம் போய்விட்டான். அந்த இடத்தைக் கேட்டு வந்து நிற்பவனோ ஒரு காலத்தில் இந்த மலையையே ஆட்டிவைத்த சுவக்கீன். வயது முப்பத்தெட்டு என்று சொன்னான். அவன் சொன்னால் நாற்பதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பத்து வருஷம் எதிரி எஸ்டேட்டான கருமுடிக்கு ஆடியவன். இடது ஓரத்தில் அவன் பந்தோடு கிளம்பினால் பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். போன மழைக்காலத்தில் முழங்கால் பிசகியது. கருமுடிக்காரர்கள் சத்தமில்லாமல் வேலைப் பதிவிலிருந்து அவன் பேரை வெட்டிவிட்டார்கள். எமர்ஜென்சி என்று யூனியன்காரர்கள் கொடியைச் சுருட்டி வைத்திருந்த நேரம், கேட்க நாதியில்லை. எஸ்டேட்டில் பேர் போனால், வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லயத்து வீடும் போகும். சுவக்கீனும் அவன் மனைவி சாந்தம்மாளும் சட்டிபானையோடு ஒரு சொந்தக்காரன் வீட்டு அடுப்படியில் கிடந்தார்கள்.

எஸ்டேட் மேனேஜரான பெரிய துரை ஆபீஸ் வாசலில் டீமைக் கூப்பிட்டு நிறுத்தினார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, குடகுக்காரர். இருந்தாலும் துரை துரைதான்.

"யானை படுத்தாலும் குதிரை மட்டம் தொரை. சேத்துக்கிடலாம்" என்றான் கோல்கீப்பர் நல்லமுத்து.

டீமை மேய்க்கும் கங்காணி பெரியமுத்து அவன்மேல் பாய்ந்தார். "படுத்த யானைக்குத் தீனி போடப்போறது நீயாலே? முழங்கால் போனவனுக்கு ஒரு பேரு, ஒரு வீடு! நம்ம பயலுவ எத்தனை பேரு பேருக்குக் காத்துக் கெடக்கானுவ!"

துரை கேப்டன் மொக்கையனைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். பார்த்த கண்களில் எல்லாம் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது.

அந்தச் சிரிப்புக்குக் காரணம் உண்டு. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஷீல்டு மேட்ச்சில், அப்போதுதான் டீமுக்கு வந்திருந்த மொக்கையனின் இரண்டு கால்களுக்கு நடுவே சுவக்கீன் பந்தைத் தள்ளிக்கொண்டு போனான். போனவன் கோல் போட்டுத் தொலைத்திருக்கலாம். கோல் கோட்டுக்கு ஓரடி முன்னால் பந்தை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். "வா தம்பி, வந்து எடுத்துக்க" என்று கையை நீட்டிக் கூப்பிட்டான். மொக்கையன் மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்ததும் எழுந்து, குதிகாலால் பந்தை உள்ளே தட்டிவிட்டான். மலையே சிரித்தது. அன்றைக்கு மொக்கையனுக்கு வைத்த பேர் 'தொறந்த கதவு.' அது தேய்ந்து வெறும் 'கதவு' ஆகி அப்படியே நின்றுவிட்டது. டீக்கடைக்குப் போனால் "கதவு வருதுடா, வழி விடு" என்பார்கள். அவன் மகளைப் பள்ளிக்கூடத்தில் கதவு மகள் என்றார்கள். எட்டு வருஷம் உழைத்துக் கேப்டன் ஆன பிறகும் அவன் கேப்டன் கதவுதான்.

"எடுத்துக்கிடலாம் தொரை. அவுக மாதிரி ஒரு ஆட்டக்காரரு இந்த மலையில இல்ல" என்றான் மொக்கையன்.

பெரியமுத்துவின் வாய் திறந்தபடி நின்றது. பழசையெல்லாம் மறந்துவிட்டானே, என்ன பெருந்தன்மை என்று அங்கேயே இரண்டு பேர் சொன்னார்கள். துரையும் தலையாட்டினார். ஃபைனல் வரைக்கும் தற்காலிகப் பேர். அதில் நன்றாக ஆடினால் பேர் நிரந்தரம், லயத்தில் வீடு. ஆடாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான் என்றார்.

பெருந்தன்மையாம்! மொக்கையனுக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். வேண்டாம் என்று சொன்னால் பயந்துவிட்டான் என்பார்கள், சுவக்கீன் பழைய புகழோடு முழுசாகப் போய்ச் சேர்ந்துவிடுவான் என்பது அவன் கணக்கு. அவனுக்கு வேண்டியிருந்தது வேறு. எந்தக் கூட்டம் தன்னைப் பார்த்துச் சிரித்ததோ அதே கூட்டம், அதே கிரவுண்டில் சுவக்கீனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதற்கு அவனை உள்ளே கொண்டுவந்துதானே ஆக வேண்டும்?

அவன் மனைவி ராமுத்தாய்க்கு மட்டும் இது பிடிபட்டது. கஞ்சியை ஊற்றிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஊரே மெச்சுது. ஆனா ஒங்க மொகத்துல நல்லது செஞ்ச களை இல்லையே."

"சோத்தப் போடு" என்றான் மொக்கையன்.

மறுநாளிலிருந்து பயிற்சி. மொக்கையன் வாய்நிறைய அண்ணே என்றுதான் கூப்பிட்டான். "அண்ணே, ஃபாக்டரி மேடு வரைக்கும் ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்துருங்க. முழங்காலு எளகும்." சுவக்கீன் சந்தோஷமாக ஓடினான். போடி வரைக்கும் ஓடச் சொன்னாலும் ஓடியிருப்பான். வயதில் சின்னவனை 'கேப்டன், கேப்டன்' என்று வாங்க போங்க போட்டுத்தான் பேசினான். திரும்பி வந்து, வீங்கின முழங்காலை யாருக்கும் தெரியாமல் ஓடைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ஆனால் பந்து காலடிக்கு வந்துவிட்டால் அவன் வேறு ஆள். நின்ற இடத்திலிருந்தே இரண்டு பேரைத் திசை தெரியாமல் அனுப்பிவிட்டு கூட ஆடுபவன் கேட்காமலே அவன் காலுக்குப் பந்தைக் கொடுத்தான். மொக்கையன் ஆட்டம் தெரிந்தவன். ஒரே பார்வையில் கணக்குப் போட்டுவிட்டான். காலுக்குப் போட்டால் இவன் இன்னும் ராஜா; முன்னால் போட்டு ஓடவிட்டால் செத்தான்.

ஃபைனல் அன்றைக்குக் காலையிலிருந்தே சாரல். பள்ளிவாசல் என்ற ஊரைச் சுற்றியிருந்த எஸ்டேட்டுகள் எல்லாம் திரண்டு வந்திருந்தன. எதிராடுவது கருமுடி. சித்திரபுரம் கிரவுண்டின் இடது ஓரத்தைத் தாண்டினால் சமதளம் கிடையாது. தேயிலைச் சரிவு கிடுகிடுவென்று கீழே இறங்கும். பந்து அங்கே போனால், கடைசியாக அதைத் துரத்தியவன்தான் இறங்கி எடுத்து வர வேண்டும். எந்தக் காலத்திலோ வந்த வழக்கம், ஷீல்டு மேட்ச்சுக்கும் அதுதான் சட்டம்.

மொக்கையன் முதல் பந்தை இடது ஓரத்துக்குப் போட்டான். சுவக்கீனுக்கு எட்டடி முன்னால். சுவக்கீன் ஓடினான், எட்டவில்லை. பந்து சரிவில் உருண்டு போனது. இறங்கி, தேயிலைக்குள் தேடி, எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தான். மொக்கையனைப் பார்த்துக் கையைத் தூக்கி, தப்பு தன்னுடையது என்று காட்டினான்.

இரண்டாவது பந்தும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. முதலில் கூட்டம் உச்சுக்கொட்டியது. பிறகு எவனோ ஒருவன் ஆரம்பித்துவைத்தான்.

"யோவ் பெருசு! கொழுந்தெடுக்கவா போறீரு? கூடையக் கொண்டு போம்!"

கிரவுண்டே குலுங்கிச் சிரித்தது. அடுத்த முறை அவன் இறங்கியபோது ஒருத்தி நிஜமாகவே ஒரு கூடையைத் தூக்கி ஓரத்தில் வைத்தாள். சுவக்கீன் அதைச் சுற்றிக்கொண்டு ஏறி வந்தான். கெண்டைக்காலில் அட்டைகள் தொங்கின, ரத்தம் சாக்ஸில் இறங்கியது. எட்டு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று மொக்கையனின் நெஞ்சில் இளகியது. இவ்வளவு சுகமாக அவன் எந்த மேட்ச்சும் ஆடியதில்லை.

"காலுக்குப் போடுண்ணே! காலுக்கு!" என்று பின்னாலிருந்து நல்லமுத்து தொண்டை கிழியக் கத்தினான். மொக்கையன் காதில் வாங்கவில்லை. டீம் ஒரு பக்கம் நொண்டியடித்துக்கொண்டிருந்தது. கருமுடிக்காரர்களும் அன்றைக்கு உருப்படியாக ஆடவில்லை, அதனால் செம்பாறைக்காரர்கள் பிழைத்தார்கள். பெரியமுத்து வெளியிலிருந்து ஆளை மாற்றச் சொல்லிச் சைகை காட்டினார். மொக்கையன் முடியாது என்று தலையசைத்தான். பார்த்தவர்கள் அதையும் பெருந்தன்மை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு பக்கமும் கோல் விழாமல் ஆட்டம் முடியப் போகும் நேரம் செம்பாறைக்கு ஒரு கார்னர் கிடைத்தது. மொக்கையனும் முன்னால் ஏறிப் போயிருந்தான். கருமுடிக்காரன் ஒருவன் பதறி அடித்த பந்து, யாரும் நினைக்காமல், நேராக சுவக்கீனின் காலடியில் வந்து நின்றது. அன்றைக்கு அவன் காலுக்கு வந்த முதல் பந்து. ஒருவனை இடது பக்கம் சாய்த்தான், இன்னொருவனை உட்காரவைத்தான், ஓடிவந்த கோல்கீப்பரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பந்தை மெதுவாக மொக்கையன் முன்னால் உருட்டிவிட்டான். வெறும் கோல். மொக்கையன் தட்டினான். செம்பாறைக்கு ஷீல்டு!

மொக்கையனைத் தோளில் தூக்கினார்கள். அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது. இனிமேல் எவன் கதவு என்று கூப்பிடுவான் பார்க்கலாம் என்று மனசு துள்ளியது. அப்போதுதான் கீழே நின்ற ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் உரக்கச் சொன்னான்.

"கதவையே கோல் போட வச்சுட்டான்யா சுவக்கீனு! அவன் ஆட்டக்காரன்!"

தூக்கியிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததுபோல் ஆயிற்று மொக்கையனுக்கு. இறக்கிவிடச் சொல்லி இறங்கினான்.

துரை அவனைத் தனியாக ஜீப் பக்கம் கூப்பிட்டார். "நாள் முழுக்கக் கிழவன் தேயிலைக்குள்ளதான் இருந்தான். ஆனா அந்தக் கடைசிப் பாஸ்... அது நல்லா இருந்துச்சு. என்ன சொல்றே, வச்சுக்கலாமா?"

ஒரு வார்த்தை போதும். காலுக்குப் போட்டால் இன்னும் நாலு வருஷம் ஆடுவார் தொரை என்றால் முடிந்தது. சாந்தம்மாள் அடுத்தவன் அடுப்படியிலிருந்து எழுந்து தன் வீட்டுக்குள் போய்விடுவாள். சற்றுத் தள்ளி அவள் புருஷன் காலில் உப்பைத் தேய்த்து அட்டையை எடுத்துக்கொண்டிருந்தது மொக்கையன் கண்ணுக்குத் தெரிந்தது.

"வேணாம் தொரை. கால் செத்துப்போச்சு. நீங்களேதான் பாத்தீகளே" என்றான்.

மறுநாள் காலை போடி பஸ்ஸுக்காக ரோட்டோரம் சுவக்கீனும் சாந்தம்மாளும் டிரங்குப் பெட்டியோடு நின்றார்கள். மொக்கையன் அந்த வழியாக வந்ததும், சுவக்கீன் நொண்டிக்கொண்டே வந்து மடித்த ஜெர்சியை நீட்டினான்.

"தொவச்சாச்சு கேப்டன். ஒங்க கையில குடுத்துட்டுப் போவணும்னுதான் நின்னேன்." ஜெர்சியின் மடிப்பை ஒரு தரம் நீவிவிட்டான். "எங்க எஸ்டேட்டுலயே கடைசி ரெண்டு வருசம் எனக்கு எவனும் பந்து தரல. நீங்க எல்லாப் பந்தையும் எனக்கே குடுத்தீக. நல்லமுத்து காலுக்குப் போடுன்னு கத்துனான், நீங்க கேக்கல. சுவக்கீன் ஓடிருவான்னு நம்புனீக. என் காலுதான் ஒங்க நம்பிக்கையக் கெடுத்துருச்சு."

மொக்கையன் ஜெர்சியை வாங்கிக்கொண்டான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். அடித்திருந்தால்கூடத் திருப்தியாக இருந்திருக்கும். நன்றி சொன்னால் என்ன செய்வது? பழி வாங்கியது வாங்கப்பட்டவனுக்கே தெரியவில்லை என்றால் அது என்ன பழி?

"யோவ், நான் வேணும்னுதான்யா முன்னால போட்டேன். நீரு விழணும்னுதான் போட்டேன். எட்டு வருசத்துக்கு முந்தி பந்து மேல உக்காந்து என்னயக் கூப்பிட்டீரே, மறந்துபோச்சா?"

சுவக்கீன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "உக்காருவேன்... எத்தனையோ பேருகிட்ட உக்காந்துருக்கேன் கேப்டன். கூட்டம் சிரிக்கும்னு செய்யுறது. அது நீங்களா?" என்றவன் திடீரென்று சிரித்து மொக்கையனின் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்குப் புரியுது. என் காலு மேல பழி வரக்கூடாதுன்னு ஒங்க மேல போட்டுக்கிடுறீக. பேரு போனவனுக்கு இப்படியும் ஒரு ஆறுதல் சொல்ல யாருக்கு மனசு வரும்? நல்லாருங்க."

"பொய் இல்லய்யா. சத்தியமாத்தான் சொல்லுதேன்."

"சரி, சரி" என்று குழந்தையைத் தேற்றுவதுபோல் அவன் தோளைத் தட்டிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸின் கம்பியைப் பிடித்து நல்ல காலால் ஏறினான் சுவக்கீன்.

சாந்தம்மாள் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டாள். படியில் ஒரு காலை வைத்துத் திரும்பி, மொக்கையனை முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

"அவுக நம்ப மாட்டாக" என்றாள். "நான் நம்புதேன்."

பஸ் கிளம்பியது. ஜெர்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனை எதிர் டீக்கடையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "என்ன கதவு, அங்கேயே நின்னுட்ட?" மொக்கையன் திரும்பிப் பார்த்தான்.