உங்கடை விருப்பம், சம்பந்தி

திரையில் "அடுத்த ஞாயிறு தொடரும்" என்று எழுத்து விழுந்ததும் தம்பித்துரை தொடையில் அடித்துக்கொண்டார்.

"பாத்தியளே அநியாயத்தை! இரண்டு வருஷம் காக்க வைச்சு, ஒண்டரை மணித்தியாலம் இருத்தி வைச்சு, கடைசியில தொடரும் எண்டு போடுறாங்கள். நான் சொல்லுறன், கொலைகாரன் அந்தப் படகுத் தரகன்தான். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

பக்கத்துக் கதிரையில் இருந்த மருமகனின் தாய் ரயிசா ஒன்றும் சொல்லவில்லை. அதில் அதிசயம் எதுவும் இல்லை. முப்பது வருடம் ஒடெஸாவில் கணக்குப் படிப்பித்தவர், யோசிக்காமல் விடை சொல்ல மாட்டார். தம்பித்துரை தட்டில் கிடந்த கடைசி அப்பிள் துண்டைத் தேனில் தொட்டு வாயில் போட்டு, மென்று, விழுங்கிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி நுனி மூக்குக்கு இறங்கியிருந்தது. கண்கள் பாதி திறந்து திரையைப் பார்த்தபடி இருந்தன.

"சம்பந்தி?"

கதிரைக் கையில் கிடந்த அவருடைய கையைத் தொட்டார். அந்தக் குளிர் அவருக்குத் தெரிந்த குளிர். ஆறு வருடத்துக்கு முன் மனைவி யோகத்தின் கையில் தொட்டு அறிந்தது. எழுந்தவர் எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றார். தொலைக்காட்சியில் நாளைக்கு ஹம்பேர்க்கில் மழை என்றார்கள்.

சாவை விடச் சுவர் மணிக்கூடுதான் அவரை முதலில் அடித்தது. பத்து மணிக்குக் கால் மணி இருந்தது. எட்டுப் பன்னிரண்டுக்கு வந்து இருந்தவர். இடையில் இரண்டு தரம் சத்தம் போட்டுச் சிரித்திருக்கிறார். தட்டை ரயிசாவின் பக்கம் தள்ளி வைத்திருக்கிறார். கொமிசார் ரெல்லிங் கைத்தடியோடு முதன்முதல் திரைக்கு வந்தபோது "வந்திட்டார், பாத்தியளே" என்று காதருகில் குனிந்து சொல்லியும் இருக்கிறார். வழக்கமாக அதற்கு "ஷ்ஷ்" என்று ஒரு சீறல் விழும். இன்று விழவில்லை. அவையின்ரை புதுவருஷமெல்லோ, மனுசி நல்ல சந்தோஷத்தில் இருக்கிறா என்று நினைத்துக்கொண்டார்.

தம்பித்துரையின் மகள் துஷானியை ரயிசாவின் மகன் மிஷா கல்யாணம் செய்து பதினொரு வருடம். ஒரே கட்டடத்தில் சம்பந்திகள் இருவரும் மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள். இடையில் பதினேழு படிகள். இருவருக்கும் ஜெர்மன் இரவல் பாஷை. அதில் கதைத்தார்கள், அதில் சண்டை பிடித்தார்கள், அதில்தான் ஞாயிறு இரவு எட்டே காலுக்கு ரெல்லிங் பார்த்தார்கள். ரெல்லிங் அந்தத் தொடர் நாடகத்தில் வரும் துறைமுகத்துத் துப்பறியும் பொலிஸ்காரர்; இரண்டு வருஷ இடைவெளிக்குப் பிறகு இன்றுதான் திரும்ப வந்தார். நாடகம் ஓடும்போது வாயைத் திறக்கக்கூடாது என்பது ரயிசாவின் சட்டம்.

அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. ஐம்பது வயதுவரை யூதப் பெருநாள் எதையும் கண்டறியாதவர், ஹம்பேர்க்குக்கு வந்த பிறகு பிடித்துக்கொண்டார், பிடித்தால் உடும்புப் பிடி. பெருநாள் என்றால் சுவிட்ச் எதையும் தொடமாட்டார். மின்விளக்கு இல்லை, தொலைபேசி இல்லை, தொலைக்காட்சி இல்லை. போட்டுத் தாருங்கள் என்று இன்னொருவரைக் கேட்கவும் கூடாது. ஆனால் வேறு மதத்துக்காரர் ஒருவர் தன்னுடைய தேவைக்காக ஒன்றைப் போட்டால், பக்கத்தில் இருந்து பார்ப்பதில் பிழையில்லையாம். இதைச் சொல்லிவிட்டு ஒரு முறை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தம்பித்துரைக்கு விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து பெருநாளும் ஞாயிறும் ஒன்றாக விழும்போதெல்லாம் தம்பித்துரை வீட்டுத் தொலைக்காட்சி பழுதாகும். அவர் மேலே ஏறி, தன்னிடம் இருக்கும் சாவியால் கதவைத் திறந்து, வாசலில் நின்று தமிழிலேயே சொல்லுவார்:

"என்ரை டீவி பழுதாப் போச்சு. இஞ்சை பாக்கலாமோ?"

அவர் சொல்லிக்கொடுத்த தமிழில் ரயிசா பதில் சொல்லுவார்: "உங்கடை விருப்பம், சம்பந்தி."

"கடவுளுக்குத் தமிழ் விளங்காது எண்டு நினைக்கிறியளோ?" என்று ஒரு தரம் பகிடி பண்ணினார். "விளங்கும். கண்டும் காணாமல் விடுவார்" என்றார் ரயிசா.

இன்று யூதப் புதுவருஷத்தின் இரண்டாம் நாள். பெருநாள் முடிகிற நேரம் எட்டு இருபத்துநாலு என்று அவர்களுடைய கலண்டரில் அச்சடித்திருந்தது. ரெல்லிங் எட்டுப் பதினைந்துக்கு. ஒன்பது நிமிஷம் பொறுத்தால் ரயிசாவே போட்டுக்கொள்ளலாம், ஆனால் அந்த ஒன்பது நிமிஷத்துக்குள்தான் பிணம் கண்டெடுக்கப்படும். அதைத் தவறவிட்டுப் பார்ப்பதும் ஒரு பார்வையா என்று வெள்ளிக்கிழமையே படியில் வைத்துச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவர் கதைத்ததைத் தம்பித்துரை கேட்கவில்லை. இன்று மத்தியானம் மேலே நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

இரவு வாசலில் நின்று வழக்கமான வசனத்தைச் சொன்னார். உள்ளே பெருநாளுக்கு ஏற்றிவைத்த பெரிய மெழுகுதிரி ஒன்று எரிந்தது, கதிரையில் தலை தெரிந்தது. பதில் வரவில்லை. மணி எட்டுப் பன்னிரண்டு. பதிலுக்குக் காத்து நிற்க அவருக்குப் பொறுமை இல்லை. போட்டுவிட்டு இருந்துவிட்டார்.

மகளுக்குத் தொலைபேசி எடுத்தபோது என்ன சொன்னாரென்று பிறகு அவருக்கே ஞாபகம் இல்லை. துஷானி "அப்பா, அம்புலன்ஸுக்கு அடிச்சீங்களோ? அடியுங்கோ முதல்ல" என்று கத்தியது ஞாபகம் இருந்தது. பிறகு மிஷா வாங்கிக் கதைத்தான். மிஷாவின் தமிழ் துஷானியிடம் படித்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பான்.

"மாமா. அம்மா ரெல்லிங்கைப் பாத்தாவோ?"

"ஓம், பாத்தா." வாய் முந்திக்கொண்டது. "உங்கடை விருப்பம் எண்டு சொல்லிப்போட்டு, இருந்து பாத்தா."

மறுபக்கத்தில் ஒரு நீண்ட மூச்சு. "நல்லது. இரண்டு வருஷமாக் காத்துக்கொண்டிருந்தவ. நல்லது மாமா."

பொய் சொல்ல வேண்டுமென்று நினைத்துச் சொன்னதில்லை. தான் கேட்டதற்கு ஒரு பதில் வந்தது என்று அவருக்கே தேவையாக இருந்தது. அதையே வந்த வைத்தியரிடமும் சொன்னார். அந்தப் பெண் ரயிசாவின் தாடையை மெல்லத் தொட்டுப் பார்த்தாள், கைகளைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு தம்பித்துரையைப் பார்த்தாள்.

"எட்டே காலுக்குக் கதைத்தாரா? நிச்சயமாகவா?"

"ஓம்."

அவள் படிவத்தில் எதையோ அடையாளமிட்டுவிட்டு வெளியே போய்த் தொலைபேசினாள். அரை மணித்தியாலத்தில் பொலிஸ் வந்தது. சீருடை இல்லாத, உண்மையான துப்பறியும் பொலிஸ். ரெல்லிங் என்றால் திரைச்சீலையை விலக்கி நீண்ட நேரம் துறைமுகத்தைப் பார்ப்பார். இந்த மனுசர் ரயிசாவின் மருந்துப் பெட்டியைக் கேட்டார், பிறந்த தேதியைக் கேட்டார், சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார். அதற்குள் துஷானியும் மிஷாவும் வந்துவிட்டார்கள். மிஷா தாயின் பக்கத்தில் முழங்காலில் இருந்தான்.

"தொலைக்காட்சியைப் போட்டது யார்?"

"நான்."

"அவர் போடச் சொன்னாரா?"

"இல்லை. அவர் கேட்கக் கூடாது. நானும் அவருக்காகப் போடக் கூடாது. எனக்காகத்தான் போட்டேன். என்னுடைய டீவி பழுது."

"பழுதா?"

"இல்லை. நல்லாத்தான் இருக்கிறது."

பொலிஸ்காரர் எழுதுவதை நிறுத்தினார். சொல்லச் சொல்லத் தன் வாயாலேயே தன்னைக் கொலைகாரனாக்குவது தம்பித்துரைக்கு விளங்கியது. பொலிஸ்காரர் கோபப்படவில்லை. மெதுவாகவே சொன்னார்.

"வைத்தியரின் கணக்கில் இவர் இறந்தது பின்னேரம் நாலுக்கும் ஐந்துக்கும் இடையில். இதயமாக இருக்கலாம். நித்திரையிலேயே. நீங்கள் எட்டே காலுக்குக் கதைத்தார் என்கிறீர்கள்."

மெழுகுதிரி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தம்பித்துரை அதைப் பார்த்தார்.

"கதைக்கேல்லை" என்றார், தமிழில். பிறகு ஜெர்மனில். "நான்தான் கதைத்தேன். அவர் கதைக்கவில்லை. எனக்குத் தெரியவில்லை. நாடகம் ஓடும்போது கதைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம்."

மிஷா நிமிர்ந்தான்.

"ஒண்டரை மணித்தியாலமோ, மாமா?"

"ஓம்."

"பக்கத்தில இருந்தோ?"

"ஓம்."

மிஷா எழுந்து உள்ளே போய் வெள்ளைத் துணி எடுத்துவந்து, சாவு வீட்டில் உருவம் தெரியக்கூடாது என்ற தங்கள் வழக்கப்படி நடைக் கண்ணாடியை மூடினான். திரும்பி வந்தபோது அணைந்திருந்த தொலைக்காட்சியின் கறுப்பில் கதிரையும் அதில் தாயும் தெரிந்தார்கள். அதையும் மூடினான்.

இயற்கைச் சாவு என்று பொலிஸ் முடித்துவிட்டது; புதன்கிழமை அடக்கம். யூதர் மயானத்தில் மழை தூறியது. மிஷா மூன்று தரம் மண் அள்ளிப் போட்டான். அடுத்தது தம்பித்துரை. வாங்குவதற்குக் கையை நீட்டினார். மிஷா மண்வெட்டியை அந்தக் கையில் கொடுக்காமல் மண் குவியலில் குத்தி நிறுத்திவிட்டு விலகிப் போனான். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அத்தனை பேருக்கு முன்னால்.

"அப்பா, அது இவையின்ரை வழக்கம். கையில இருந்து கைக்குக் குடுக்கக் கூடாது" என்று துஷானி காதுக்குள் சொன்னாள். தம்பித்துரை தலையாட்டினார். நம்பவில்லை.

அதன் பிறகு மிஷாவும் துஷானியும் மேல்வீட்டில் துக்கம் இருந்தார்கள். கீழே அவருக்கு எல்லாக் காலடியும் கேட்டது. யோகம் செத்தபோது ரயிசா தங்கள் துக்க வழக்கப்படி ஏழு நாளும் படியிறங்கி வந்தவர். குட்டைக் கதிரை ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவார். அந்தச் சொல்லாத மணித்தியாலங்களுக்குத்தான் தம்பித்துரை இன்றுவரை கடமைப்பட்டிருந்தார். இப்போது அவரால் பதினேழு படி ஏற ஏலவில்லை.

"மேல வாங்கோவன், அப்பா" என்று துஷானி சோற்றுப் பாத்திரத்தோடு நின்றாள்.

"மிஷா கேட்டவரோ?"

"அவர் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை."

"அப்ப பிறகு பாப்பம்."

ஞாயிறு வந்தது. அன்று மாலையில் தொடங்குவது அவர்களுடைய பெரிய விரதம். விரதத்துக்கு முன் ஆளுக்காள் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுவார்கள் என்று ரயிசா சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு வருடமும் கீழே வந்து, "சம்பந்தி, பிழை ஏதும் செய்திருந்தால் மன்னியுங்கள், செய்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். தம்பித்துரை பின்னேரம் முழுக்கப் படிச்சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருந்தார். ஆறரைக்கு மிஷா இறங்கிப் போனது கேட்டது. கதவைத் தாண்டிப் போய்விட்டான்.

எட்டுப் பத்துக்குக் கதவு தட்டுப்பட்டது.

மிஷா நின்றான். கறுத்தக் கோட்டு, விரதத்துக்கு ஆகாதென்று காலில் தோல் சப்பாத்து இல்லை, வெள்ளைத் துணிச் சப்பாத்து.

"தொழுகைக்குப் போகேல்லையோ?"

"போனனான். பாதியில வந்திட்டன்."

இருவரும் வாசலிலேயே நின்றார்கள். மிஷா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொற்களை ஒவ்வொன்றாக எடுத்தான்.

"மாமா, எங்கடை வழக்கத்தில செத்தவையைத் தனிய விடக் கூடாதாம். அடக்கம் செய்யுமட்டும் ஒருத்தர் பக்கத்தில இருக்கவேணும். எனக்குத் தெரியாது. இண்டைக்கு அங்கை அடக்கம் செய்த ஆக்களைக் கண்டனான். அவையள் கேட்டவை, தாங்கள் வாறதுக்கு முதல் ஆர் அம்மாவோடை இருந்தது எண்டு."

"நீர் என்ன சொன்னீர்?"

"மாமா இருந்தவர் எண்டு சொன்னனான்."

தம்பித்துரை கதவின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மிஷா தொண்டையைச் செருமினான்.

"மாமா, என்ரை டீவி பழுதாப் போச்சு. இஞ்சை பாக்கலாமோ?"

போன ஞாயிறு மேல்வீட்டு வாசலில் நின்று தான் எதிர்பார்த்த பதில் தம்பித்துரைக்கு ஞாபகம் வந்தது.

"உங்கடை விருப்பம்" என்றார்.

மிஷா உள்ளே வந்தான். சோபாவின் ஒரு ஓரத்தில் அவன் இருந்தான், மற்ற ஓரத்தில் தம்பித்துரை. நடுவில் ஓர் ஆள் இருக்க இடம் விட்டிருந்தார்கள், அந்த இடத்தில் ரிமோட் கிடந்தது. விரத நாளிலும் சுவிட்ச் தொடக்கூடாது; விளக்கைக்கூட இருவரும் போடவில்லை. எட்டுப் பதினைந்து ஆனது. பக்கத்து வீட்டுச் சுவருக்குள்ளால் ரெல்லிங்கின் இசை மெல்லிதாகக் கேட்டது.

சுவர் மணிக்கூட்டில், போன ஞாயிறு பெருநாள் முடிந்த அதே எட்டு இருபத்துநாலு ஆனபோதும் ரிமோட் கிடந்த இடத்திலேயே கிடந்தது.