மருந்து அடிக்காத வீடு

ஏழு மாத வயிற்றோடு கொசுவின் பின்னால் ஓடியவள் காயல்பட்டினத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் காதருகே ரீங்காரம், எழுந்தால் ஒன்றுமில்லை.

தான்சானியாவில் கடை வேலை பார்க்கும் என் மாப்பிள்ளை சுஹைல், இந்தமுறை விடுப்பில் வந்த வாரமே மலேரியாவில் என் வீட்டில் விழுந்தார். சுகாதார ஆய்வாளர் குற்றாலலிங்கம் வந்து எங்கள் எல்லார் ரத்தத்தையும் சோதித்தார். வேறு யாருக்கும் இல்லை. உம்மா பெருமூச்சு விட்டாள். அவர் விடுவதாக இல்லை.

"அவரைக் கடிச்ச கொசு இன்னைக்கே உங்களைக் கடிச்சா ஒண்ணும் ஆவாதும்மா. கிருமி அது வயித்துல ஒட்டி, பெருத்து, வெடிச்சு, எச்சிலுக்கு வந்து சேரணும். பத்துப் பன்னிரண்டு நாள் ஆவும். அதுக்குப் பொறவு கடிக்கிறதுதான் கடி. மாசமா இருக்கவங்களுக்கு வந்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்து."

பெண் கொசுதான் கடிக்குமாம், முட்டைக்கு ரத்தம் வேண்டுமென்று. அவளுக்கும் பிள்ளைக் கவலை.

"காய்ச்சலோட வேற எங்கனயும் இருந்தியளா?" என்று சுஹைலிடம் கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. இங்கன வந்துதான் காய்ச்சலே."

என் வீடு முழுக்க மருந்து அடித்தார்கள். அந்த நாற்றம் குமட்டியது. எங்கள் ஊரில் கல்யாணமானாலும் பெண் தன் வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் இரவு தங்க வருவார், பகலெல்லாம் தன் உம்மா வீட்டில் இருப்பார். அந்த வழக்கத்தையும் மீறி, கொசுவுக்குப் பயந்து அவர் உம்மா, என் மாமி ஆபிதா பீவி வீட்டுக்குப் போய்விட்டேன்.

இன்று அந்தியில் மாமியின் மகள் அர்வாவைப் பெண் பார்க்க வந்த பெண்கள் கூடத்தில் இருந்தார்கள். உள்ளறைக் கட்டிலில் இருந்த எனக்கு முழங்கையில் சுருக்கென்றது. அறைந்தேன். உள்ளங்கையில் ரத்தம். தட்டு எடுக்க வந்த மாமி சிரித்தாள்.

"இதுக்குப் போயா பயப்படுதே? இதே கட்டில்லதான் உன் மாப்பிள்ளை மூணு அந்தி நடுங்கிக் கிடந்தான். நான்தான் வெளிய சொல்லாதன்னேன். அர்வாவுக்குப் பேசி வர்ற நேரம், மலேரியா வீடுன்னு பேர் வரலாமா? அதான் மாத்திரையோட தீந்துபோச்சே புள்ள."

மாத்திரை அவர் ரத்தத்துக்கு. கொசுவுக்கு யார் கொடுத்தார்கள்? விரல் விட்டு எண்ணினேன். அவர் இங்கே நடுங்கிக் கிடந்து பத்து நாள் தாண்டியிருந்தது. சுஹைல் மேல் வந்த கோபத்தில் பல் நறநறத்தது. அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது.

ஆய்வாளருக்குப் பேசப் போனை எடுத்தேன். மாமிக்கு விளங்கிவிட்டது, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க போன பொறவு பேசு புள்ள. என் மவ வாழ்க்கை."

தன் மகளுக்காகத்தான் அவள் மறைத்தாள், எனக்குப் புரியாமலில்லை. ஆனால் உள்ளறையில் சிக்னல் கிடைக்காது. கையை விடுவித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பலகாரத் தட்டைச் சுற்றியிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அர்வா தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாச்சி, வீடு மாத்தி மருந்து அடிச்சிட்டிய. எங்க மாமி வீட்டுக்கு இப்பவே வாங்க. என்னைக் கொசு கடிச்சிட்டுது."