செத்தவன் பேருக்கு ஒரு பாடு

வலை வந்து சகாதேவன் முகத்தில் விழுந்தது. விழுந்த வேகத்தில் கஞ்சிச் சட்டி உருண்டு, கஞ்சி தரையெல்லாம் ஓடியது.

“எடுடா அத்த! உங்க அண்ணன் வலை. சாயங்காலம் நாட்டாருக்கு முன்னால நின்னு, ‘உங்க பொண்ணைக் கட்டிக்கிறேன்’னு சொல்லு. இல்லன்னா அந்த உலாந்தாக்காரன் கால்லயே போய் விழு. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு எத்தினி நாளைக்குடா நிப்ப?”

கத்தியவர் சுப்பராயலு, சகாதேவனின் தகப்பன். வலது கை விளங்காமல் போய் வெகுநாளாகிறது. இடது கையாலேயே அவ்வளவு குறி பார்த்து எறிந்திருந்தார்.

“கோவிந்தம்மா இன்னும் கிளிஞ்சல்ல சோறு பொங்கி விளையாடுது நைனா. அத்தப் போய் எப்பிடி…”

“நம்மளுக்கு இன்னா பொண்ணா வேணும்? பாடுதான்டா வேணும்!”

அவர் சொன்னதில் பொய் இல்லை. பழவேற்காட்டு ஏரியில் இறால் ஓடும் இடங்கள் சிலதான். எந்த இடத்தில் எந்த வீட்டுக்காரர் எப்போது வலை கட்டுவது என்று குப்பத்தில் வருஷத்துக்கு ஒரு தரம் ஓலைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். பாடு வேண்டுமானால் தலைக்கட்டாக இருக்கவேண்டும். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆம்பளை. கல்யாணமாகாதவன் மீசை நரைத்தாலும் அரை ஆள். பெண்பிள்ளை எந்தக் கணக்கிலும் வரமாட்டாள். ஊர் நியாயம் அப்படி.

கை போனதும் சுப்பராயலு தம் தலைக்கட்டை மூத்த மகன் நீலமேகத்துக்குக் கொடுத்துவிட்டார். நீலமேகம் போன ஐப்பசிப் புயலில் முகத்துவாரத்தில் கவிழ்ந்தான். உடம்புகூடக் கரைக்கு வரவில்லை. உடம்பு கிடைக்காவிட்டாலும் அவன் பெண்டாட்டி தேவகியின் தாலியைக் கழற்ற மட்டும் ஊர் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கொல்லைப்புறத்துத் தாழ்வாரத்தோடு சரி. தாலி அறுத்தவள் வலையைத் தொட்டால் மீன் ஓடிவிடுமாம்.

மிச்சம் இருப்பவன் சகாதேவன். குப்பத்துத் தலைவரான நாட்டார் பொன்னுரங்கம் தம் மகளைக் கொடுத்து, தாம்பூலம் மாற்றிய கையோடு அவன் பேரைச் சீட்டில் ஏற்றிக்கொள்வதாகப் பெரிய மனசு பண்ணியிருந்தார். மாப்பிள்ளையின் பாடு மாமனாரின் மடிக்குள்தானே இருக்கும்! வேண்டாம் என்றால், துக்க வருஷம் முடிந்ததும் அந்த வீட்டின் பாடு ஊரோடு போய்விடும். ஏரிக்கரையில் பிறந்துவிட்டு ஏரியை வேடிக்கை பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டியதுதான்.

சகாதேவனுக்கோ எதுவும் பிடிபடவில்லை. டச்சுக்காரர்களின் உலாந்தாக் கோட்டையில் வெடிமருந்துப் பட்டறையில் கந்தகம் அரைத்துப் பார்த்தான். இருமல் கண்டு ஓடிவந்தான். சாயக்காரர்களிடம் துணி அலசினான். கை வெந்து ஓடிவந்தான். கப்பல் சரக்கை இறக்கும் படகிலும் சேர்ந்தான். தண்ணீர் ஆடினாலே குமட்டியது. கப்பலேறிக் கடல் கடந்து பத்தாவிக்குப் போகிறாயா என்று கேட்டார்கள். போகிறேன் என்று ராத்திரி சொன்னவன், விடிந்ததும் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் ‘இன்னா பண்ணப்போற?’ என்றே கேட்டார்கள். அந்தக் கேள்வி காதில் விழுந்தால் அவன் அடுத்த சந்துக்குள் திரும்பிவிடுவான். தன் வயசுக்காரர்களெல்லாம் எப்படி அவ்வளவு நிச்சயமாக நடக்கிறார்கள் என்று பொறாமையாக இருக்கும்.

வலையை வாரிக்கொண்டு அவன் கொல்லைப்பக்கம் போனான். தேவகி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எனக்கு இன்னா தொழில் வரும்னே தெரியல அண்ணி” என்றான்.

“தெரியாதுன்னு சொல்லக்கூட உனக்கு ஒரு ஊரே காது குடுக்குது. எனக்குத் தெரியும். எவனாவது கேட்டானா?” என்று சீறினாள். “நீ பட்டறைக்கு ஓடினப்ப உங்க அண்ணனுக்கு வலை கட்ட ஆள் யாரு? ரெண்டு பருவம் நான்தான் போனேன். ஊர் கண்ண மூடிக்கினு இருந்துச்சு, புருஷன் கூட கீறான்னு. இப்ப அதே கை தீட்டாம். அந்தச் சின்னப் பொண்ணையாவது வுடு. அதுவும் நாளைக்கு இங்க வந்து குந்தணுமா?”

அவள் பேச்சில் அன்பு ஒரு சொட்டும் இல்லை. ஆனால் அத்தனை பேர் கொடுத்த புத்திமதியில் ஒட்டாதது, இந்த வசவில் ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் சீட்டு எடுக்க அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. பொன்னுரங்கம் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“இன்னா மாப்ளே, தட்டை மாத்திக்கலாமா?”

“வேணாம் நாட்டாரே” என்றான் சகாதேவன். “எனக்கு இன்னா வேணும்னு இன்னும் தெரியல. இது வேணாம்னு மட்டும் தெரியுது.”

சிரிப்பு எழுந்தது. பின்னாலிருந்து ஒருவன் அவன் மேல் மணலை வாரி இறைத்தான். சுப்பராயலு தலையில் அடித்துக்கொண்டார்.

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. தட்டை மெல்ல நகர்த்தி வைத்தார். “சரி. வழக்கம்னு ஒண்ணு கீது. துக்க வருசம் முடியறவரைக்கும் செத்தவன் பேருக்குப் பாடு உண்டு. நீலமேகம் பேரையே போடுங்க. கட்டறதுக்கு அந்த வூட்ல தலைக்கட்டு இல்ல, அதனால எங்க ஆளுங்க கட்டுவாங்க. கால் பங்கு வூட்டுக்கு வந்துடும்.”

அந்தக் கால் பங்கு வழியிலேயே கரைந்துபோகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் ஆளில்லை. பானைக்குள் கைவிட்டு ஓலையை எடுத்தார்கள். முதல் முறையே நீலமேகத்துக்கு விழுந்தது, அதுவும் முகத்துவாரத்து வாய்க்கால். ஏரியிலேயே கொழுத்த இடம் அது. உயிரோடு இருந்தவரை அவனுக்கு ஒரு தடவையும் அது விழுந்ததில்லை. பொன்னுரங்கம் அப்போதுதான் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் நீர் இறங்கும் நேரத்துக்கு அவருடைய ஆள்கள் வாய்க்காலுக்குப் போனபோது, அங்கே கழிகள் ஏற்கனவே நட்டிருந்தன. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு தேவகி வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தோணியில் கோல் ஊன்றிக்கொண்டிருந்தவன் சகாதேவன். தண்ணீர் ஆடினால் இன்னமும் அவனுக்குக் குமட்டியது. இரண்டு தடவை வாந்தியெடுத்துவிட்டு மறுபடி கோலைப் பிடித்தான்.

“ஏய்! யாரு பாடுல யாரு கட்டறது?”

“நீலமேகம் பாடு. நீலமேகம் வூட்ல இருந்து வந்துகீறோம்” என்றாள் தேவகி. கழியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

“தாலி அறுத்தவளுக்குக் கோல் போடறியே, வெக்கமா இல்ல?” என்று அவனைக் கேட்டார்கள்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் கோலை விடவில்லை. அவள் தொட்ட வலையைத் தொட்டால் தீட்டு என்று அவர்களும் கிட்டே வரவில்லை.

கூடைகள் நிறைந்து வந்தன. தாலி அறுத்தவள் தொட்டால் மீன் ஓடிவிடும் என்றவர்களே, ‘ஊர் இறாலையெல்லாம் இவளே வசியம் பண்ணி இழுத்துட்டா’ என்றார்கள். குப்பத்தில் மீன் விற்கும் ஒரு பெண்ணும் அந்தக் கூடைப்பக்கம் வரக்கூடாது என்று கட்டளை பிறந்தது. சகாதேவன் கூடைகளைத் தோணியிலேயே வைத்துத் தள்ளிக்கொண்டு கோட்டை வாசலுக்குப் போனான். சரக்குப் படகில் இருந்த நாளில் கோட்டைச் சமையல்காரன் அவனுக்குப் பழக்கம். போட்டுவிட்டு ஓடிவந்த தொழில்களில் மிஞ்சிய லாபம் அது ஒன்றுதான். அன்று அது போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலமே பஞ்சாயத்துக் கூடியது. குற்றம் பெரிது, ஊர் விலக்கம் என்று எல்லோருக்கும் ஒரே மனசு. ஆனால் யாரை விலக்குவது? அங்கேதான் பெரியவர்கள் முழித்தார்கள். தலைக்கட்டைத்தான் விலக்க முடியும். சகாதேவன் கல்யாணமாகாதவன், அரை ஆள். சுப்பராயலு தலைக்கட்டை விட்டுக்கொடுத்தவர். தேவகியை விலக்கினால், ஒரு பெண்பிள்ளையின் பேரைச் சபையில் கூப்பிட்டு, அவளும் ஊரில் ஒரு ஆள்தான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். அந்தக் கேவலத்துக்கு ஊர் தயாராக இல்லை. வெகுநேரம் கலந்து பேசி, கடைசியில் நியாயம் தவறாமல் தீர்ப்புச் சொன்னார்கள்.

தண்டோரா போடும் மாரி தெருவில் வந்தான்.

“இதனால சகலருக்கும் தெரிவிக்கறது இன்னான்னா, சுப்பராயலு மவன் நீலமேகம், ஊர்க் கட்டு மீறினதுனால, இன்னிலேர்ந்து ஊருக்கு ஆவாதவன்! அவனுக்கு நெருப்பு இல்ல! தண்ணி இல்ல! அவனோட பேச்சு வார்த்தை இல்ல!”

உள்ளே சுப்பராயலு விசும்பினார். “எம்புள்ளைய ரெண்டாந்தரமும் சாவடிச்சீங்களே, பாவிங்களா!” என்று கத்தினார். ஊரைச் சொன்னாரா, வீட்டிலிருந்த இரண்டு பேரைச் சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

தேவகி அன்று கொல்லைப்புறத்தில் இல்லை. தெருவாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்து, கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்தாள். வலையின் மறுமுனை, விறைப்பாக நிற்க, சகாதேவன் கால்விரலில் மாட்டியிருந்தது. மாரி அவர்கள் வாசலுக்கு வந்ததும், வழக்கப்படி வீட்டைப் பார்த்து நின்று பறையை ஓங்கினான்.

“மாரி அண்ணே” என்று கூப்பிட்டாள் தேவகி. முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வூட்டப் பாத்து இன்னாத்துக்குக் கத்தற? கடல் பக்கமா திரும்பிச் சொல்லு. அவரு அங்கதான் கீறாரு.”