ஹபீபா பீவி வீட்டுக்குப் போன புட்டிங்

திங்கட்கிழமை மத்தியானம் ஐஸ் எடுக்கப் போனபோதுதான் மார்த்தா அதைக் கவனித்தாள்.

தட்டில் பன்னிரண்டு அறைகள். சனிக்கிழமை அவளே நான்கு கட்டிகளை எடுத்திருந்தாள். அந்த நான்கு அறைகளும் காலியாக இருக்க வேண்டும். இப்போது பன்னிரண்டிலும் ஐஸ் இருந்தது. எல்லாம் ஒரே மட்டம், வழக்கத்தைவிடத் தாழ்வாக.

யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றியிருந்தால் விளிம்புவரை வந்திருக்கும். மீதி எட்டுக் கட்டிகளும் உருகி, தடுப்புகளுக்கு அடியில் பரவி, மறுபடியும் உறைந்திருந்தன.

ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு மூலையில் இருந்த சட்டியை இழுத்தாள். வெள்ளிக்கிழமை மாலை, நோன்பு திறக்கும் நேரத்தில், பக்கத்து வீட்டு ஹபீபா பீவி கொடுத்தனுப்பிய ஆட்டிறைச்சி. வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் இறைச்சி சாப்பிடுவதில்லை. மறுநாளைக்கு என்று சட்டியில் மாற்றி உள்ளே தள்ளினார்கள். மறுநாள் அக்கரையில் உள்ள கெப்பாலா பத்தாஸிலிருந்து சாவுச் செய்தி வந்தது. எல்லோரும் பெர்ரி ஏறிப் போய், ஞாயிறு மாலைதான் திரும்பினார்கள். இறைச்சி யார் நினைவிலும் இல்லை.

மூடியைத் திறந்தாள். எண்ணெயின் கீழே சிறு குமிழிகள். புளித்த வாடை.

அவள் பயந்தது இறைச்சிக்காக அல்ல. ஹபீபா பீவியின் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று சனிக்கிழமை காலையில் அதிலேயே முட்டைப் புட்டிங் அவித்து, இதே பெட்டிக்குள் வைத்திருந்தாள். இன்று காலை ஒன்பது மணிக்கு வேலிக்கு மேலாக அதைக் கொடுத்தும்விட்டாள்.

மாமியார் அமலம்மாள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நாம போனப்ப ஐஸ் பெட்டிய நிறுத்தினீங்களா?"

"பெட்டிய ஏன் நிறுத்தணும்? மெயின் சுவிட்சையே அடைச்சேன். ஆள் இல்லாத வீட்டுல கரண்ட் ஓடுனா தீப்பிடிக்காதா? வந்ததும் போட்டுட்டேனே."

பெட்டி வந்து நான்கு மாதந்தான். மார்த்தாவின் கணவன் வின்சென்ட் வேலை பார்க்கும் கப்பல் கம்பெனியின் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. அதற்கு முன் இருந்தது மரப்பெட்டி. ஐஸ்காரன் வந்து கட்டி போட்டுவிட்டுப் போவான். அமலம்மாளுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே வைத்தது கெடாது.

"அந்தப் புட்டிங் ஒரு நாள் முழுக்கச் சூட்டுல இருந்திருக்கு அத்தை."

"அவிச்சதுதானே? நல்லாத்தானே மணந்துச்சு."

"அது வனிலா மணம்."

அமலம்மாள் கையில் இருந்த துணியைப் பிழிந்தாள். அது முன்பே பிழிந்த துணி. "போய்ச் சொன்னா என்ன நெனைப்பாங்க? கெட்டுப்போனத நம்ம தலையில கட்டிட்டாங்கன்னுதானே? பத்து வருஷப் பழக்கம்லா."

மார்த்தா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டரை. நோன்பு மாதம். ஆறேகாலுக்குக் கோட்டையில் பீரங்கி வெடிக்கும்வரை அந்த வீட்டில் யாரும் எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். நேரம் இருந்தது.

அந்த நேரத்தை அவள் வார்த்தை தேடுவதில் செலவழித்தாள். கல்யாணமாகி எட்டு மாதத்தில் அந்த வீட்டுக்குள் ஒரு முறைகூடப் போனதில்லை. 'மாமி, அதைக் கொட்டிவிடுங்கள்' என்று தொடங்கலாம். எதற்கு என்று கேட்பார்களே. அடுப்படியில் நின்று உதடு அசையாமல் சொல்லிப் பார்த்தாள். நான்கு மணிக்குப் போனாள்.

ஹபீபா பீவி பின்கட்டில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"யா அல்லா, மார்த்தாவா! வேலிக்கு மேல தலைய மட்டுந்தானே காட்டுவ? இன்னைக்கு உடம்பும் சேர்ந்து வந்திருக்கு!"

"மாமி, அந்தப் புட்டிங்..."

"அதச் சொல்லு! சல்மா வழிச்சுத் தின்னுட்டா. தொண்டையில வழுக்கிட்டுப் போகுது உம்மாங்கிறா. ஏழு மாசமா எதுவும் இறங்காத புள்ள."

"இன்னைக்கு நோன்பு..."

"வயித்துப் புள்ளக்காரிய யாரு நோன்பு புடிக்கச் சொன்னது?"

கிருமிகள் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும் என்று மார்த்தா படித்திருந்தாள். இதைப் படித்திருக்கவில்லை. மகள் சல்மாவுக்கு முன்பு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. அதை ஹபீபா பீவி வேலியருகே ஒருநாள் சொல்லி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

"மாமி, அது கெட்டது."

அகப்பை நின்றது.

"தெரிஞ்சு குடுத்தியா?"

"இல்ல மாமி. பெட்டி ஒரு நாள் ஓடல. மத்தியானந்தான் கண்டுபுடிச்சேன்."

"ஏன் ஓடல?"

"நான் கவனிக்கல."

"மதராஸ் வரைக்கும் போய் பி.எஸ்ஸி. படிச்ச புள்ள. ஒரு பொட்டியப் பார்த்துக்கத் தெரியல." ஹபீபா பீவி அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள். "மத்தியானம் கண்டுபுடிச்சத இப்பதான் சொல்ல வர்றியா?"

"எத்தனை மணிக்குச் சாப்பிட்டாங்க?"

"பதினொன்னு இருக்கும்."

ஐந்து மணி நேரம். உள்ளேயிருந்து சல்மாவின் குரல் கேட்டது. "உம்மா, வயித்த முறுக்குது."

அவர்கள் போவதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். பிறகு இன்னொரு முறை. பின்தெருவிலிருந்து மருத்துவச்சி நூர்ஜான் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்ல. உப்பும் சீனியும் போட்டுத் தண்ணி குடுங்க. வயிறு கல்லாட்டம் இறுகினா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிடணும். புள்ள கடைசியா எப்பம்மா அசைஞ்சது?"

சல்மா யோசித்தாள். "காலையில. இல்ல... நேத்து ராத்திரியா?"

நூர்ஜான் தன் வீட்டில் நோன்பு திறக்கப் போகும்போது, "பார்த்துக்கிட்டே இருங்க, அசைவு இல்லன்னா கூப்பிடுங்க" என்றாள்.

ஆறு மணிக்குப் பின்வாசலில் அமலம்மாள் வந்து நின்றாள். படியேறவில்லை.

"பீவி, மெயின் சுவிட்ச அடைச்சது நான்தான். இவ ஒண்ணும் பண்ணல."

ஹபீபா பீவி மார்த்தாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அமலம்மாளை. "உள்ள வாங்க. வாசல மறைச்சு நிக்காதீங்க. புள்ளைக்குக் காத்து வரட்டும்."

பீரங்கி வெடித்தது. ஹபீபா பீவி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். பேரீச்சம்பழத்தை எடுத்து, மறுபடியும் தட்டிலேயே வைத்தாள்.

"கஞ்சி குடிங்க உம்மா" என்றாள் சல்மா. பிறகு, தரையில் மண்டியிட்டிருந்த மார்த்தாவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். "நீங்க பாருங்க. எனக்குப் பார்க்கப் பயமா இருக்கு."

மார்த்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். ஐந்து நிமிடம். ஒன்பது. அமலம்மாள் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். ஹபீபா பீவியும் வேறு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பதினான்கு. மார்த்தாவின் கை மரத்துப்போனது. அதனால் தெரியாமல் போகிறதோ என்று பயந்து கையை மாற்றி வைத்தாள்.

பத்தொன்பதாவது நிமிடத்தில் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ நகர்ந்து, நின்றது.

"அசைஞ்சுதா?" ஹபீபா பீவி அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஒரு தடவை."

"அல்ஹம்துலில்லாஹ்!"

மார்த்தா கையை எடுக்கவில்லை. "ஒரு தடவை போதாது மாமி. இன்னும் பார்க்கணும்."

ஹபீபா பீவி எழுந்துபோய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து அவளுக்குப் பின்னால் போட்டாள்.