அரைஞாண் கயிறு

"சாவி எங்க?"

அண்ணன் பூபாலனின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பஞ்சாட்சரத்தின் கை, இடுப்புக்கு வந்ததும் நின்றுவிட்டது. தண்ணீர்க் குடத்தோடு வந்த அவன் மனைவி ஷோபனாவும் பார்த்தாள். பூபாலனின் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு இல்லை. நான்கு வருடமாக அதில் தொங்கிய தகரப்பெட்டிச் சாவியும் இல்லை.

உயிர் போன பிறகுதான் அந்தக் கயிற்றை அறுப்பார்கள். அதுவும் குளிப்பாட்டும்போது, பங்காளி கையால். இங்கே யாரோ முந்திக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் ஷோபனாவைப் பார்த்தார்கள். பார்க்கத்தானே செய்வார்கள்.

கொரோனாவில் பள்ளிக்கூடங்களை மூடியபோது பூபாலன் கூடத்துச் சுவருக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து, வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரையும் அதன் முன்னால் உட்காரவைத்தார். அப்போது ஷோபனாவுக்கும் சந்தோஷம்தான். பள்ளி திறந்ததும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் போனார்கள். இவர் மட்டும் போய் ஐந்து டி.சி.யையும் வாங்கிவந்து பெட்டியில் வைத்துப் பூட்டினார். நம்ம புள்ளைங்களுக்கு நாமளே வாத்தியாரு என்றார். கணக்கும் அறிவியலும் அவர், தமிழ் அவர் மனைவி சம்பூர்ணம், இங்கிலீஷ் பஞ்சாட்சரம். பன்னிரண்டாவது வரை படித்த ஷோபனாவுக்குச் சோறு. கால அட்டவணையிலேயே அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தார்: 'மதியம் 1 மணி, சாப்பாடு, ஷோபனா.' அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

மகள் கலைவாணிக்குப் பதினைந்து ஆகப்போகிறது. எட்டாவதைத் தனித்தேர்வாக எழுதவைத்து, சந்தவாசலில் தன் அம்மா வீட்டிலிருந்து மேலே படிக்கவைக்க நினைத்திருந்தாள். டி.சி. கேட்டார்கள். மூன்று முறை பூபாலனிடம் போய் நின்றாள்.

"எழுதி இன்னா கலெக்டராவப் போறாளா? நான் கத்துக் குடுத்தது பத்தலயா உனுக்கு?"

பஞ்சாட்சரம், அண்ணன் எதிரில் வாய் திறக்கமாட்டான். மூன்று முறையும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு நாளைக்கு முன் பக்கவாதத்தில் பூபாலனுக்குக் கையும் வாயும் விழுந்துவிட்டன. சாவி மட்டும் இடுப்பிலேயே கிடந்தது.

சம்பூர்ணம் உள்ளேயிருந்து தலைவிரி கோலமாக வந்தாள்.

"முந்தானைய ஒதறு."

"நான் எடுக்கலக்கா."

"ஒதறுன்னு சொல்றேன்."

உறவுக்காரப் பெண்கள் அத்தனை பேர் எதிரிலும் ஷோபனா முந்தானையை உதறினாள். அது போதவில்லை. சம்பூர்ணம் தன் கையாலேயே அவள் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். ஒருத்தியும் தடுக்கவில்லை. பஞ்சாட்சரம் அண்ணனின் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"டி.சி.ய எடுத்துக்கினு ஓடிப்புடலாம்னு பாக்கறியா? கலைவாணி எங்கயும் போவ மாட்டா. காரியம் முடிஞ்சதும் அவதான் சின்னதுங்களுக்குப் பாடம் நடத்தணும். அவரு சொல்லிட்டுதான் போயிருக்காரு."

"வாயே வராம கெடந்தாரு. எப்டிக்கா சொன்னாரு?"

"பொணத்த வச்சிக்கினு இன்னாடி பேச்சு?" என்றான் பஞ்சாட்சரம்.

"உயிரோட இருக்கச்சயும்தான் நீங்க பேச உடல."

வாய் கொழுப்பு என்று யாரோ முணுமுணுத்தார்கள். இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். செத்தவருக்காக அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, வரவழைக்கவும் தோன்றவில்லை.

பாடையைத் தூக்கினார்கள். மேளச் சத்தம் சரிவில் இறங்கியது. பெண்கள் தெருமுனை வரை போனார்கள். ஷோபனா போகாமல் உள்ளே வந்தாள்.

கூடத்தில் கறுப்புச் சுவரின் கீழே சின்னப் பிள்ளைகள் நான்கு பேரும் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி சம்பூர்ணம்தான் கலைவாணியை அங்கே நிறுத்தியிருந்தாள். அம்மாவைக் கண்டதும் கலைவாணி, நிறுத்தாமல் சொல்லச் சொல்லி அவர்களுக்குக் கை காட்டிவிட்டு அடுப்படிக்கு வந்தாள். கையில் கணக்கு நோட்டு இருந்தது. அதைப் பிரித்து நீட்டினாள்.

உள்ளே டி.சி.கள் இருந்தன. ஒன்றல்ல, ஐந்து. அவற்றின் நடுவில் சாவி, அறுந்த கயிற்றோடு.

ஷோபனா கதவை ஒருக்களித்தாள்.

"எப்ப எடுத்த?"

"காலைல. நீ ஆட்டுக்குத் தழ ஒடிக்கப் போயிருந்த. பெரிப்பாவுக்குத் தண்ணி குடுக்கச் சொல்லிட்டு பெரிம்மா தோட்டத்துப் பக்கம் போனாங்க."

"அப்ப உயிரு போயிருச்சா?"

கலைவாணி கூடத்துப் பக்கம் பார்த்தாள். வாய்ப்பாடு சொல்லும் குரல்கள் கொஞ்சம் தேய்ந்திருந்தன.

"நிறுத்தாம சொல்லுங்க," என்றாள் அவர்களிடம். பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

"இல்ல. கத்திரிக்கோல் வச்சப்ப கண்ணத் தொறந்து பாத்தாரு. நான் அறுத்துட்டேன். அப்பறம்தான் தண்ணி குடுத்தேன். குடிச்சாரு."

ஷோபனா மகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் அழுகையும் இல்லை, பயமும் இல்லை. பூபாலன் கணக்குத் திருத்தும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும்.

டி.சி.களை மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அங்கே ஏற்கெனவே தேடியாகிவிட்டது. சாவியையும் கயிற்றையும் உள்ளங்கையில் மூடிக்கொண்டு வாசலுக்குப் போனாள். தெருமுனையில் பெண்கள் இன்னும் முதுகு காட்டி நின்றிருந்தார்கள். உடலைக் குளிப்பாட்டிய இடம் சேறாகக் கிடந்தது. சாவியை அதில் போட்டுக் கால் கட்டைவிரலால் அழுத்தினாள். கயிற்றின் ஒரு நுனி மட்டும் மேலே நின்றது. அதையும் அழுத்தினாள்.

கூடத்தில் ஏழாம் வாய்ப்பாடு முடிந்து எட்டாவது தொடங்கியது.