வெளிநாட்டுப் பணமும் மஞ்சுளாவின் டாலரும்

குமாரபாளையத்தில் துண்டு நெய்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறவன் இளவழகன். நம் நாட்டுப் பங்குச் சந்தைக்கு வெளிநாட்டுப் பணம் வந்தால் டாலர் விலை இறங்கிவிடும், துண்டுக்குக் கிடைக்கும் ரூபாய் குறையும். அதனால் தறியைவிட்டு நாளெல்லாம் செல்போனில் டாலரையே பார்த்துக்கொண்டிருப்பான்.

மனைவி மஞ்சுளாவுக்குச் சலித்துவிட்டது. புது ஆர்டர் வந்த அன்றே வங்கிக்குப் போனாள். பணம் வரும்போது டாலர் என்ன விலை விற்றாலும், ஆர்டர் வந்த அன்றிருந்த விலைக்கே மாற்றித்தர ஒப்பந்தம் போட்டு வந்தாள்.

மறுநாளே வெளிநாட்டுக்காரர்கள் பங்குச் சந்தையில் போட்ட பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். டாலர் எகிறியது.

“ஏம்புள்ள, ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?” என்று தலையில் கை வைத்தவன், அவளோடு பேசுவதையே நிறுத்தினான்.

பணம் வரவேண்டிய மாதத்தில் அதே ஆட்கள் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். டாலர் சரிந்தது. ஊரே புலம்பியபோது இளவழகனுக்கு மட்டும் பழைய விலை கிடைத்தது.

டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “எல்லாம் என்ர யோசனைதானுங்க” என்றான்.

அது மஞ்சுளாவின் காதுக்கு வந்தது.

“ஏனுங்க, அப்ப அடுத்த ஆர்டருக்கு வங்கிக்கு நீங்களே போறீங்களா?”

அவன் அசடு வழியச் சிரித்தான்.

“நீயே போய்ட்டு வந்துரு சாமி. உன்னை வண்டில கொண்டுபோய் உடறது என்ர பொறுப்பு.”