நாற்பத்தொரு நிமிடம்

வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு இசைக்குழு தன் புதிய ஆல்பத்தை வெளியிட்டது. முன்னறிவிப்பு இல்லை, போஸ்டர் இல்லை. ஆறு வருடம் வாய் திறக்காமல் இருந்தவர்கள் ‘ஈரச் சுவர்’ என்று பெயர் வைத்துப் பதினொரு பாட்டுகளைத் திடீரென்று இணையத்தில் போட்டார்கள்.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு முதல் விமர்சனம் வந்தது. பெரிய நாளிதழ் ஒன்றில் இருபது வருடமாக இசை பற்றி எழுதுகிறவர் எழுதியது. தலைப்பு: ‘ஆறு வருடம் காத்திருந்தது இதற்கா?’

அவள் அதை மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஃபிரேமின் அளவுக்கு லென்ஸின் விளிம்பைத் தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் லென்ஸ் குப்பைக்குப் போகும். அந்த இசைக்குழுவின் ரசிகர் மன்றத்தில் அவளுக்குக் கடிகாரம் என்று பெயர். மேடையில் எந்தப் பாட்டு எத்தனை வினாடி நீண்டது என்று ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் குறித்து வைப்பது அவள்தான். மன்றத்தில் பன்னிரண்டாயிரம் பேர். நேரம் பற்றிச் சண்டை வந்தால் அவளைக் கேட்பார்கள். அவள் சொன்னால் சண்டை முடியும்.

தலைப்பைப் படித்தாள். முதல் பத்தியைப் படித்தாள். ‘களைத்துப்போன கைகள்’ என்று இருந்தது. காது சூடாகியது. ஆல்பத்தின் நீளத்தைப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு நிமிடம், இருபது வினாடி.

மன்றத்தின் இணையப் பக்கத்தில் எழுதினாள்.

“ஐம்பத்தெட்டு நிமிஷ ஆல்பம். நாற்பத்தோராவது நிமிஷத்துல விமர்சனம். கேட்டாரா, மோந்து பார்த்தாரா?”

போனை வைத்துவிட்டு அடுத்த லென்ஸை எடுத்தாள்.

சாயங்காலத்துக்குள் அதை இருபதாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். குழுவின் டிரம்மரே பகிர்ந்திருந்தார், சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டு. அவர் அவள் எழுத்தைத் தொட்டது அதுதான் முதல் முறை. திரையைப் பெரிதாக்கித் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அதற்குள் இன்னும் நான்கு பத்திரிகைகளில் விமர்சனம் வந்திருந்தது. நான்கும் ஆல்பத்தைத் துவைத்துக் காயப்போட்டிருந்தன. அவற்றை யாரும் சட்டை செய்யவில்லை. மற்றவர்கள் திட்டியது அபிப்பிராயம், இவர் திட்டியது மோசடி. மன்றம் அப்படி முடிவு கட்டியது.

சனிக்கிழமை காலை நாளிதழ் அந்த விமர்சனத்தை நீக்கியது. விசாரணை முடியும்வரை அவர் எழுத மாட்டார், திங்கட்கிழமை முடிவு தெரிவிக்கப்படும் என்று இரண்டு வரி போட்டது. மன்றம் கொண்டாடியது. ஒருவன் அவர் வீட்டுக் கதவைப் படம் எடுத்துப் போட்டான். இன்னொருவன் அவர் வீட்டுக்குப் போன் செய்து பதிவு செய்தான். எடுத்தது ஒரு சிறுமி. “அப்பா படுத்திருக்கார். நீங்க யாரு?” என்கிறாள். இந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரிக்கிறார்கள். மறுபடியும் “நீங்க யாரு?” என்கிறாள்.

கடையில் அவள் அதை ஒரு முறைதான் கேட்டாள். அன்று இரண்டு லென்ஸ் குப்பைக்குப் போயின.

வீட்டில் அவள் கணவன் தரையில் உட்கார்ந்து பழைய மின்விசிறியைப் பிரித்துக்கொண்டிருந்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக். பாட்டுக்கும் அவனுக்கும் வெகுதூரம்.

“இந்த ஆளுக்கு வேலை போயிடுமா?” என்று கேட்டான்.

“போனா போகட்டும். கேக்காம எழுதினா போகத்தான் செய்யும்.”

“எங்க டிப்போவுல கியர்பாக்ஸ் போறப்ப வர்ற சத்தம் மாதிரிதான் எனக்கும் உங்க ஆளுங்க பாட்டு. நான் எழுதல. அதனால வீட்டுல சாப்பாடு கிடைக்குது.”

அவள் சிரிக்கவில்லை.

“அப்படி என்னதான் எழுதியிருக்கார்?”

“களைச்சுப்போன கைன்னு எழுதியிருக்கார்.”

“அப்புறம்?”

“அப்புறம்னா?”

“ஒரு வரியா எழுதினார்? மிச்சத்துல என்ன இருக்கு?”

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

“ஏய். நீ முழுசாப் படிச்சியா இல்லையா?”

நீக்கப்பட்ட விமர்சனத்தை மன்றத்தில் யாரோ படமெடுத்து வைத்திருந்தார்கள், பின்னால் உதவும் என்று. அவள் சமையலறைக்குப் போய் நின்றபடியே படித்தாள். ஐந்தாவது பத்தி இப்படி இருந்தது:

‘நான்காவது முறை கேட்டபோதுதான் கவனித்தேன். இரண்டாம் பாட்டின் நடுவில் கிட்டார் அள்ளி வீசும் ஐந்து சுரங்கள், கடைசிப் பாட்டில் நாலு மடங்கு மெதுவாகத் திரும்ப வருகின்றன. யாரோ அடுத்த அறையில் வாசிப்பதைப்போல. இந்த ஆல்பத்தில் உயிருள்ள இடம் அது ஒன்றுதான். அதையும் டிரம்ஸைப் போட்டு மூடிவிட்டார்கள்.’

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். இரண்டாம் பாட்டு. இரண்டு நிமிடம் பத்து வினாடியில் ஐந்து சுரங்கள், வேகமாக. கடைசிப் பாட்டைப் போட்டாள். முதல் முறை கேட்கவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை, நான்கு நிமிடம் ஐந்து வினாடியில், டிரம்ஸுக்கு அடியில் அது இருந்தது.

ஒன்றரை நாளாகப் பன்னிரண்டாயிரம் பேர் அந்த ஆல்பத்தை மென்று துப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் இதைச் சொல்லவில்லை. அவளும்தான்.

கடைசிப் பாட்டு தொடங்குவதே ஐம்பத்தோராவது நிமிடத்துக்குப் பிறகு. நான்கு முறை கேட்க நான்கு மணி நேரம் வேண்டும். எழுதுவதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். அப்படியானால் வெள்ளிக்கிழமைக்கு முன்பே அவரிடம் ஆல்பம் இருந்திருக்கிறது. அதை அவருக்குக் கொடுக்கக்கூடியவர்கள் ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள். டிரம்மரின் சிரிக்கும் முகத்தைத் திறந்து பார்த்தாள். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் சிரித்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமைப் பதிவை அழித்தாள். மன்றத்தின் பக்கத்தில் புதிதாக எழுதினாள்: “நான் சொன்னது தப்பு. அவர் முழுசாக் கேட்டிருக்கார். ஐந்தாவது பத்தியைப் படிங்க.”

இரண்டு நிமிடத்தில் அது காணாமல் போனது. உடனே போன் அடித்தது. மன்றத் தலைவர். வாரநாட்களில் காப்பீட்டு ஏஜென்ட். குரல் எப்போதும் பாலிசி விற்பதுபோல நிதானமாக இருக்கும்.

“என்ன தங்கச்சி, உடம்பு சரியில்லையா?”

“அண்ணே, அவர் கேட்டிருக்கார்.”

“இருக்கட்டுமே. நம்ம ஆளுங்களைக் கிழிச்சாரா இல்லையா?”

“கிழிச்சது வேற. கேக்காம கிழிச்சார்னு சொன்னது நான்.”

“நீ சொன்னது ஊரெல்லாம் போயாச்சு. இனிமே அது உன் பேச்சு இல்ல, மன்றத்தோட பேச்சு. திங்கட்கிழமை முடிவு வரப்போகுது. இப்பப் போய் நாமளே நம்ம காலை வாரிக்கணுமா?”

“அவருக்கு வேலை போயிடும்.”

“வேற வேலை கிடைக்கும். எழுதத் தெரிஞ்ச ஆளு. காலைல பத்து மணிக்குப் பத்திரிகை ஆபீஸ் வாசலுக்கு வந்துடு. எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க. நாலு வார்த்தை பேசு, போதும்.”

அதற்குப் பிறகு அவளால் மன்றத்தின் பக்கத்தில் எதுவும் எழுத முடியவில்லை. தலைவர் அவள் கணக்கைப் பூட்டிவிட்டார்.

“போகப் போறியா?” என்றான் கணவன்.

“பேசச் சொல்றாங்க.”

“பேசினா அடிப்பாங்களா?”

“தெரியல.”

“நான் வரட்டா?”

“வேண்டாம். நீங்க வந்தா கியர்பாக்ஸ்னு ஏதாவது சொல்லி நிஜமாவே அடி வாங்கித் தருவீங்க.”

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாசலில் முந்நூறு பேர் இருந்தார்கள். எல்லோரும் கறுப்புச் சட்டை. கைகளில் அட்டைகள்: ‘கேட்டுட்டு எழுது’. இரும்புக் கேட் மூடியிருந்தது. உள்ளே காவலாளி ஒருவர் நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் பின்னால் போட்டுக்கொண்டிருந்தார். மாடி ஜன்னல்களில் திரை இழுத்திருந்தது.

அவள் ஸ்கூட்டரைச் சுவரோரம் நிறுத்திவிட்டு நடந்தாள். “கடிகாரம் வந்தாச்சு” என்று ஒருவன் கத்த, கூட்டம் வழி விட்டது. தெரியாத பெண்கள் தோளைத் தட்டினார்கள். ஒருத்தி அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். தலைவர் ஒலிபெருக்கிக் குழலோடு சேர்ந்த கை மைக்கை நீட்டினார். அவள் வாங்கியதும் கையை விடாமல் காதருகே குனிந்தார்.

“நல்லதாப் பேசு, தங்கச்சி.”

“நல்லதுதான் அண்ணே.”

கேட்டின் முன்னால் ஒரு மரப்பெட்டி போட்டிருந்தார்கள். அதில் ஏறினாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“எனக்குப் பேச வராது. ஒரு பாட்டு போடறேன். ஆல்பத்துல ரெண்டாவது.”

கூட்டம் விசில் அடித்தது. தன் போனை மைக்கின் வாயில் வைத்தாள். இரண்டு பத்து. ஐந்து சுரங்கள். நிறுத்தினாள். திரும்பப் போட்டாள்.

“இது மனசுல இருக்கட்டும். இப்ப கடைசிப் பாட்டு. அமைதியாக் கேளுங்க.”

நான்காவது நிமிடத்திலிருந்து போட்டாள். தெருவில் போன லாரி ஒன்று எல்லாவற்றையும் மூடியது. லாரி போனதும் திரும்பப் போட்டாள். பிறகு மூன்றாவது முறை. இப்போது யாரும் அசையவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர், நாற்பது வயது இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு விரலால் காற்றில் எண்ணினார். ஐந்தாவது விரலில் கண்ணைத் திறந்தார்.

“அதேதான்,” என்றார். “அடப்பாவி. அதேதான்.”

அது பின்னால் பரவியது. போன்களை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் பிடித்து உலுக்கினார்கள். ஒருத்தி அழுதாள். “பார்த்தீங்களா, களைச்சுப்போன கையாம்” என்று யாரோ சொல்ல, கைதட்டல் எழுந்தது. அது அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல,” என்றாள். “விமர்சனத்துல ஐந்தாவது பத்தியில இருக்கு. அவர் நாலு தடவை கேட்டிருக்கார். நான் அவர் எழுதினதை ஒரு தடவைகூட முழுசாப் படிக்கல. நான் போட்ட கணக்கு தப்பு.”

அவள் சொன்னது வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிலர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள். முன்வரிசைக்காரர் மட்டும் தன் போனில் எதையோ தேடிப் படித்துக்கொண்டிருந்தார்.

“உன்னை எவ்வளவுக்கு வாங்கினாங்க?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“இறங்குடி கீழே.”

தலைவர் மைக்கைப் பிடுங்கி அதன் சைரன் பொத்தானை அழுத்தினார். அந்த ஊளையில் மற்ற எதுவும் கேட்கவில்லை. பெட்டியை யாரோ உதைத்தார்கள். அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துத் தொங்கி இறங்கினாள். முதுகில் ஒரு தண்ணீர் பாட்டில் வந்து பட்டது. நிறைந்த பாட்டில். காவலாளி சின்னக் கதவை ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

“மேல வரச் சொல்றாங்க,” என்றார்.

மாடியில் பத்திரிகையின் ஆசிரியர் தனியாக இருந்தார். அறுபது வயதுப் பெண். ஜன்னல் திரையை ஒரு விரல் விலக்கிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உக்காரும்மா. பேசினது கேட்டுது. அடி பட்டுதா?”

“இல்ல மேடம்.”

“எங்களுக்கு ஆல்பம் செவ்வாய்க்கிழமையே வந்துடுச்சு,” என்றார் ஆசிரியர். “அஞ்சு பத்திரிகைக்குக் குடுத்தாங்க. முன்னாடியே கிடைச்சதுன்னு மூச்சு விடக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. திடீர் ஆல்பம் இல்லையா. ரசிகர்களுக்குத் திடீர்னே இருக்கணுமாம்.”

“அப்ப அவர் மேல தப்பு இல்லன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் நிறுத்தினீங்க.”

“சொன்னா வழக்கு. சொல்லலைன்னா இந்தக் கூட்டம். ரெண்டு நாள் வீட்டுல இருங்கன்னு அவர்கிட்ட சொன்னேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.” ஆசிரியர் ஒரு வெள்ளைத்தாளை மேசையில் தள்ளினார். “நீங்க எதுலயும் கையெழுத்துப் போட்டவங்க இல்ல. கீழே சொன்னதை எழுதிக் குடுங்க. நான் போடறேன்.”

பத்து வரி எழுதினாள். இரண்டை அடித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

“திங்கட்கிழமை வேலைக்கு வருவாரா?”

“வருவார். விமர்சனமும் திரும்ப வரும். இதையும் பக்கத்துலயே போடறேன்.” ஆசிரியர் போனை எடுத்தார். “அவர்கிட்ட பேசறீங்களா? கூப்பிட்டுத் தரேன்.”

“வேண்டாம் மேடம்.”

“ஏன்?”

“அந்த வீட்டுல இன்னிக்குப் போன் அடிக்க வேண்டாம்.”

ஆசிரியர் போனை வைத்தார். பின்பக்கம் ஒரு கதவு இருக்கிறது, அதன் வழியாகப் போகலாம் என்றார்.

“வண்டி முன்னாடி நிக்குது,” என்றாள் அவள்.

கூட்டத்தில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. மிச்சமிருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் வழி விடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. அவள் சுற்றிக்கொண்டு சுவரோரம் போனாள். ஸ்கூட்டரின் மேல் தலைவர் உட்கார்ந்திருந்தார். கை மைக் மடியில் இருந்தது.

“அண்ணே, வண்டி.”

அவர் எழுந்திருக்கவில்லை.

“அந்த ஐந்தாவது பத்தியை நானும் படிச்சேன்,” என்றார். “நாலு தடவை கேட்டிருக்கான்னா, பன்னிரண்டு மணிக்கு முன்னாடியே அவன் கைல இருந்திருக்கு.”

“ஆமா.”

“யாரோ குடுத்திருக்கணும்.”

அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் முகத்தில் பாலிசி விற்கும் நிதானம் இல்லை.

“மைக்ல அதை நீ சொல்லலையே.”

“இல்ல.”

“சொல்லியிருக்கலாமே. எல்லாரும் இருந்தாங்க.”

“பதினஞ்சு வருஷமா அவங்க பாட்டைக் கேட்டுட்டு இருக்கோம் அண்ணே.”

அவர் எழுந்தார். பேண்டைத் தட்டிக்கொண்டார். அவள் வண்டியைக் கிளப்பித் திருப்பினாள். கேட்டின் முன்னால் மிச்சமிருந்தவர்கள், அடுத்து என்ன கத்துவது என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.